பெடல் கல்லா இருக்கா? பூஸ்டர் வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

கேள்வி: என்கிட்ட 1998 மாடல் மாருதி ஜென், கார்பரேட்டர் வண்டி. கொஞ்ச நாளா பிரேக் பெடல் கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா கால்கிட்ட உஸ்ஸுன்னு சத்தம், சிக்னல்ல பிரேக்க புடிச்சு நின்னா வண்டி ஆஃப் ஆயிடுது. மெக்கானிக் பூஸ்டர் போச்சு மாத்தணும்ங்குறார். மாத்திடலாமா? – ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும்னு தோணுது (பூஸ்டர்ங்கிறது என்ஜின் இழுக்குற வேக்கத்த, அதாவது வெற்றிடத்த வெச்சு, நம்ம கால் அழுத்தத்த கூட்டிக் குடுக்குற டப்பா), ஆனா காச எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே பார்த்துடலாங்க. என்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல நாலஞ்சு தடவ மிதிங்க, உள்ள இருக்குற வேக்கம் தீர்ந்து இறுகிடும், அப்படியே கால அழுத்தி வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா பூஸ்டர் வேல செய்யலைன்னு அர்த்தம். ஆனா தப்பு பூஸ்டர்லதான்னு இன்னும் முடிவு பண்ணக்கூடாது, ஏன்னா என்ஜின்ல இருந்து வேக்கம் கொண்டு வர்ற ஹோஸ் வெடிச்சிருந்தாலும் ஒன்வே வால்வு (காத்த ஒரு பக்கமா மட்டும் விடுற வால்வு) அடைச்சிருந்தாலும் இதேதான் நடக்கும், ரெண்டுமே பூஸ்டரோட பார்த்தா சின்ன செலவு. பழைய வண்டில ஹோஸ் மேல பார்த்தா நல்லாத்தான் இருக்கும், கிளிப் போட்ட இடத்துல வளைச்சுப் பார்த்தாதான் அடிப்பக்க வெடிப்பு தெரியும். வால்வ கழட்டி வாயால ஊதிப் பாருங்க, பூஸ்டர் பக்கத்துல இருந்து ஊதினா காத்து போகணும், என்ஜின் பக்கத்துல இருந்து ஊதினா போகக்கூடாது.

இப்ப முக்கியமான விஷயம். கால எடுத்திருக்கும்போது பூஸ்டருக்குள்ள டயாஃப்ரமோட (நடுவுல இருக்குற ரப்பர் தடுப்பு) ரெண்டு பக்கமும் வேக்கம்தான், மிதிக்கும்போதுதான் ஒரு பக்கம் வெளிக்காத்து உள்ள வரும். அதனால டயாஃப்ரம் கிழிஞ்சிருந்தா மிதிச்சாதான் ஐடிலிங் (வண்டி நிக்கும்போது என்ஜின் மெதுவா ஓடுறது) குலுங்கும், உங்களுக்கு நடக்குறது அதுதான். ஹோஸ் லீக்னா மிதிச்சாலும் மிதிக்காட்டியும் எப்பவும் குலுங்கும். சந்தேகமா இருந்தா யாரையாவது பெடல மிதிச்சு வெச்சுக்க சொல்லிட்டு, ஹோஸ பூஸ்டர் பக்கத்துல துணி சுத்தி பிளையர்ல நசுக்குங்க, ஐடிலிங் சரியாச்சுன்னா மெக்கானிக் சொன்னது கரெக்ட். (மிதிக்கிற நொடியில மட்டும் லேசா உஸ்னு வந்து நின்னுட்டா அது சாதாரணம்தான், பயப்படாதீங்க.)

மாத்துறதா இருந்தா மாஸ்டர் சிலிண்டரோட (பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுற பாகம்) பின்பக்கத்த கண்டிப்பா பாக்க சொல்லுங்க. பூஸ்டரோட சேர்ற இடத்துல ஈரமா இருந்தா, பெயிண்ட் உரிஞ்சிருந்தா, பின் சீல் போய் பிரேக் ஆயில் பூஸ்டருக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம், டயாஃப்ரத்த கெடுத்ததே அதுவா இருக்கலாம். அத விட்டுட்டு புது பூஸ்டர் போட்டா அதுவும் சீக்கிரம் போகும். வேல முடியிற வரைக்கும் வண்டிய மலைப்பக்கம் எடுத்துட்டு போகாதீங்க, கொல்லிமலைலாம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்க பழைய டீசல் வண்டியிலயும் பெடல் இறுகுது, ஆனா ஐடிலிங்ல ஒரு மாத்தமும் இல்ல. – இன்னொரு வாசகர்

பதில்: டீசல்ல பெட்ரோல் வண்டி மாதிரி மேனிஃபோல்டுல (என்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) வேக்கம் கிடைக்காதுங்க, அதுக்குன்னு தனி பம்ப் இருக்கும், நம்ம பழைய வண்டிகள் நிறைய ஆல்டர்நேட்டர் பின்னாடியே மாட்டிருப்பாங்க. அதனால ஐடிலிங்க வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. மொதல்ல பம்ப்ல மாட்டிருக்க ஹோஸ கழட்டி, என்ஜின் ஓடும்போது அந்த வாய்ல விரல வெச்சுப் பாருங்க, நல்லா இழுக்கலன்னா பம்ப்தான் போயிருக்கு.