வேளச்சேரியிலிருந்து பெருங்குடிக்கு தினமும் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா? சென்னை டிராஃபிக்கில் என்னென்ன சிரமம் வரும்?

போகலாம். தூரம் ஆறு கிலோமீட்டர் சொச்சம். பதறாமல் மிதித்தாலே அரை மணிக்குள் போய்விடலாம். காலை ஒன்பது மணி நெரிசலில் பைக்கில் வருபவரும் உங்களுக்கு ரொம்ப முன்னால் போய்விட மாட்டார். நானும் அதே பக்கம்தான் சில வருடங்களாக ஓட்டுகிறேன். சிரமங்களைக் கேட்டிருப்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

நீங்கள் சைக்கிள் எடுத்ததும் வீட்டில் ஆரம்பித்து முன்பின் தெரியாத ஆட்டோக்காரர் வரை எல்லோரும் சொல்லப்போவது ஒன்றுதான்: "ஓரமா போப்பா." அந்த ஓரம்தான் சென்னைச் சாலையிலேயே மோசமான இடம். மண் சேர்ந்து கிடப்பது அங்கே. மழைநீர் வடிகாலின் மூடி சாலை மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ இருப்பது அங்கே. சவாரிக்காக ஆட்டோ சட்டென்று ஒதுங்குவது, நிறுத்திய காரின் கதவு திறப்பது, ராங் சைடில் டெலிவரி வண்டி வருவது எல்லாமே அந்த மூன்றடிக்குள்தான். பின்னால் வரும் லாரிதான் பெரிய பயம் என்று புதிதாக ஓட்டுபவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பக்கத்திலும் எதிரிலும் வருவதுதான் அதிகம் படுத்துகிறது.

அதனால் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். நிறுத்திய கார்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும் போதெல்லாம் உள்ளே போய் உள்ளே போய் வெளியே வந்தால்தான் ஆபத்து, நீங்கள் எப்போது வெளியே வருவீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. வலப்பக்கம் நகர வேண்டுமானால் கையை நீட்டுவதற்கு முன்னால் தலையைத் திருப்பி ஒரு தடவை பாருங்கள். முகம் தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைத்து விடுகிறார்கள். பெல் யாருக்கும் கேட்காது. "அண்ணா, அண்ணா!" என்று குரல் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும்.

நிற்கிற வண்டியில் எது கிளம்பப் போகிறது என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டோவென்றால் முன் சக்கரத்தைப் பாருங்கள். அது வலப்பக்கம் திரும்பியிருந்தால் அவர் உங்களைப் பார்க்காமலேயே எடுக்கப் போகிறார். காரென்றால் பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவர் தலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதவு திறக்கலாம், விலகிப் போங்கள்.

பேருந்தை மட்டும் ஒருபோதும் இடப்பக்கமாக முந்தாதீர்கள். மாநகரப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நிற்பது அபூர்வம். சாலை நடுவில் நின்றுவிடும், இடையில் ஒரு சந்து கிடைக்கும், பைக்குகள் எல்லாம் அதில் நுழையும். இறங்குகிற ஆட்கள் நேராக உங்கள் மேல்தான் இறங்குவார்கள். பின்னாலேயே நின்றால் புகை மூஞ்சியில் அடிக்கும், வாஸ்தவம்தான். இருபது விநாடி தாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வழியில் நிஜமாகவே தொல்லை என்றால் ஓ.எம்.ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைதான். தரமணி வரைக்கும் சமாளித்துவிடலாம். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்புக்கு வந்து ஓ.எம்.ஆரில் தெற்கே திரும்ப வேண்டுமானால் அத்தனை வண்டிக்கும் நடுவில் வலது ஓரத்துக்குப் போயாக வேண்டும். அந்த வீர விளையாட்டே வேண்டாம். இறங்குங்கள், சிக்னல் விழுந்ததும் நடக்கிறவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். அதற்கப்புறம் யூ-டர்ன் பிரச்சினை. ஆபீஸ் எதிர்ப்பக்கம் இருந்தால், ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போய்த் திரும்பி வா என்று சாலையைப் போட்டிருக்கிறார்கள். காருக்கு அது இரண்டு நிமிடம். மே மாதத்தில் மிதிப்பவனுக்கு அது தண்டனை. நடை மேம்பாலத்தில் ஏறலாம் என்றால் படிக்கட்டு. ஆட்கள் ஏன் ராங் சைடில் வருகிறார்கள் என்பது சைக்கிளில் போனால்தான் புரியும். அதற்காக நீங்களும் வராதீர்கள். இதற்கு நடுவில் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்குத் தடுப்பு வைத்த இடங்களில் சாலை பாதியாகக் குறைந்திருக்கிறது. அங்கே உங்களை முந்த இடமே கிடையாது என்பதால் பாதையின் நடுவிலேயே ஓட்டுங்கள், ஒதுங்காதீர்கள்.

இந்த ஊர்க் கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி சுதந்திரம் வந்த சூட்டோடு 1949லேயே தொடங்கியாகிவிட்டது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவது என்று மாநகராட்சி 2014ல் கொள்கையே ஏற்றது. இவ்வளவும் இருந்து, வேளச்சேரி மெயின் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன் பயப்படாமல் சைக்கிள் ஓட்ட ஓர் அடி இடம் கிடையாது.

சைக்கிள் எது வாங்கலாம் என்றால், ரேஸ் சைக்கிள் வேண்டாம். வடிகால் மூடிகளில் சில இடத்தில் கம்பிகள் சாலையின் திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். 25 மில்லிமீட்டர் டயர் அந்த இடுக்கில் இறங்கினால் சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். 38 அல்லது 40 மி.மீ. டயர், மட்கார்டு, பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கு. இவ்வளவு போதும், கியர்கூட அவசியமில்லை. மேம்பாலம் ஏறுகிற இடத்தைத் தவிர இந்த ஊர் தட்டைதான். ஒரு டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும், ஏனென்றால் பஞ்சர் கடைகளில் பாதி இப்போது டியூப்லெஸ் மட்டும்தான் பார்க்கின்றன.

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) கூட்டமாகப் போகிறவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது வேறு கலை. டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரையும், இரவுப் பணி முடிந்து வரும் செக்யூரிட்டியையும் கவனியுங்கள். அவசரப்பட மாட்டார்கள், வளைந்து நெளிந்து போக மாட்டார்கள்.

வெயிலும் வியர்வையும் நீங்கள் நினைக்கிற அளவு பெரிய விஷயமில்லை. எட்டு மணிக்கு முன் கிளம்பி, மெதுவாக ஓட்டி, ஆபீஸில் ஒரு மாற்றுச் சட்டை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். மழை அப்படியில்லை. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே, தார் தெரியாத அளவு தண்ணீர் நின்றால் ஓட்டாதீர்கள். அடியில் பள்ளமா, மூடியில்லாத குழியா என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு பஸ் ஏறுங்கள். ராத்திரி தெருநாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

கடைசியாக, சைக்கிள் வாங்குவதற்கு முன்பே ஆபீஸில் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல வளாகங்களில் காருக்கு மூன்று தளம் இருக்கும், சைக்கிளைப் பார்த்தால் வாசல் செக்யூரிட்டி "இதுக்கு டோக்கன் கிடையாது சார்" என்பார். அவரிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. அட்மினுக்கு ஒரு மெயில் போட்டு அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பைக் நிறுத்துமிடத்தில் கேமரா தெரிகிற தூணாகப் பார்த்து, சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள்.