தடை என்ற ஒற்றை வரி

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் இறங்குவதற்குள் தொழில்நுட்பம், அறிவியல், விளையாட்டு, அரசியல் என்று அன்றைய செய்தி அனைத்தையும் கைப்பேசியில் தொகுப்பாகக் கேட்டு முடித்துவிடுகிறேன். ஆன்லைன் ரம்மிக்குத் தடை என்பதை அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். நீங்களோ மூன்று இதழ்களாக அதையே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் இது தேவைதானா?
– ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: தேவைதான். அந்த ஒற்றை வரியை நீங்கள் கேட்டது முதல் முறையாக இருக்காது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது ரம்மிக்குத் தடை என்றார்கள். அதன் வழிவந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்த பின்னர், 2022 அக்டோபரில் இன்னோர் அவசரச் சட்டம் வந்து, மறுபடியும் தடை என்றார்கள். அதைத் தொடர்ந்து சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் அது மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப்பட்டியலில் வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆளுநர் திருப்பி அனுப்பியது உங்கள் தொகுப்பில் அரசியலாக வந்திருக்கும். நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற 2025ஆம் ஆண்டு விதிமுறைகள் தொழில்நுட்பமாக வந்திருக்கும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்தியச் சட்டம் வந்ததும் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து, அத்தகைய ஆட்டம் நடத்திவந்த டிரீம்11 நிறுவனத்தின் பெயர் போனது விளையாட்டாக வந்திருக்கும். இவை அனைத்தும் ஒரே கதையின் பகுதிகள் என்பதைச் சொல்லும் வேலைதான் எந்தத் தலைப்பின் கீழும் வராமல் விடுபட்டுப் போகிறது.

அந்தக் கதையின் மையம் ஒரு பழைய வழக்கு. ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்று 1967இல், ஆந்திரத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறன் சார்ந்ததே என்று 1996இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலும் அது தீர்ப்பளித்தது. ஆன்லைன் நிறுவனங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கையில் பிடித்திருந்த கேடயம் இதுவே. ஆனால் 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளர் லாபம் பார்ப்பதற்குச் சான்று இருந்தால் அது குற்றமாகலாம் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் செயலி, அந்த உரிமையாளருக்கு எந்த வகையில் வேறுபட்டது என்பதைக் கேட்பதற்கே எங்களுக்கு இரண்டாவது இதழ் முழுவதும் தேவைப்பட்டது. நிறுவனங்களின் விளம்பரங்களில் தீர்ப்பின் முதல் பாதி மட்டுமே இருந்ததில் வியப்பில்லை. செய்தித் தொகுப்புகளும் அந்தப் பாதியோடு நின்றுகொண்டதுதான் வருத்தம்.

2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தத் திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்தது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று மூன்றே நாளில் வேலை முடிந்தது. அவை அமளியில் இருந்ததால் விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. காசிமேட்டில் மீன்கூடை ஏற்றுபவருக்கும், துறைமுகத்துக்கு வெளியே எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும் உண்மையில் தெரிய வேண்டியது இந்தக் கடைசிச் செய்திதான், ஏனென்றால் பணத்தை இழந்தவர் காவல் நிலையத்துக்குப் போனால் தன்னையே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் வாய் திறக்காமல் இருக்கிறார். தடை என்ற ஒற்றை வரி அந்தப் பயத்தைப் போக்குவதில்லை, அதிகமாக்குகிறது. உள்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்ட பிறகும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் இங்குள்ளவர்களின் கைப்பேசிகளைத் தேடி வந்துகொண்டிருக்கின்றன என்பதற்கும் அந்த வரியில் இடமில்லை.

ரம்மி மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடிய அமோனியாக் கசிவு, மறுநாள் அமைச்சர்கள் யார் யார் வந்தார்கள் என்ற அரசியல் செய்தியாகிவிட்டது. சுமார் மைனஸ் 33 டிகிரிக் குளிரில் திரவமாக இருக்கும் அமோனியாவைக் கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன்னால் கடலடிக் குழாயைக் குளிர்விக்க வேண்டும், அந்த வேலையின்போதுதான் கசிவு நேர்ந்தது என்ற அறிவியலை அந்த ஊர் மக்களுக்கு யார் சொன்னார்கள்? (கேரம் உலகக் கோப்பையில் 2024இல் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைக்காரர். உங்கள் தொகுப்பு அவருக்கு எத்தனை விநாடி ஒதுக்கியது என்று தெரிந்தால் எழுதுங்கள்.)

தொகுப்பைக் கேட்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. சென்ட்ரல் வரையிலான பயணத்துக்கு அது போதும். ஆனால் செய்தி முடிந்துவிட்டது என்கிறீர்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மத்தியச் சட்டத்தை எதிர்த்து வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 34ஆவதாக இருக்கும்போது, அவற்றுக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற முடியுமா என்பது அங்கே எழும் கேள்விகளில் ஒன்று. மாநில உரிமை பேசும் தமிழ்நாட்டில், தடையை வரவேற்பவர்களும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே அடுத்த இதழில் நான்காம் பகுதியும் வருகிறது.