ஐந்தில் ஒரு பங்குக் கோடு

அன்புள்ள ஐயா,

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்புக்குக் காற்று பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று காட்ட நினைத்தேன். செய்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு ஏறுகிறது. "டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு கோடு முதலிலேயே போட்டுவிடு, பிள்ளைகளுக்கு அது போதும்" என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். பாடக்குறிப்பில் இதை எப்படி எழுதுவது? சார்ட் நல்லதா, வீடியோவா?
க.

அன்புள்ள க.,

சார்ட்டா வீடியோவா என்பதை விடுங்கள், கைக்கு எது கிடைக்கிறதோ அது. பாடக்குறிப்பை உங்கள் நிறுவனம் கேட்கிற வடிவத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

நீர் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு ஏறியதைக் கவனித்தீர்களே, உங்கள் கடிதத்தில் அறிவியல் இருப்பது அந்த வரியில்தான். அதைப் பார்த்த கண் நல்ல ஆசிரியரின் கண். அப்படிப் பார்த்தவர் கோடு போடலாமா என்று யோசிக்கிறீர்கள், அதுதான் கோபம் வருகிறது. விடையை முதலில் வரைந்துவிட்டு நீரை அதற்கு இழுத்து நிறுத்தினால் அது சோதனை இல்லை, பொய். "பிள்ளைகளுக்கு அது போதும்" என்பதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நீர் ஏறப் பெரிய காரணம் சூடு. சுடரின் மேல் டம்ளரைக் கவிழ்க்கும்போதே உள்ளிருக்கும் காற்று சூடேறி விரிகிறது, ஒரு பகுதி வெளியேறுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதைப் பாருங்கள். சுடர் எரியும்வரை நீர் அவ்வளவாக ஏறாது. அணைந்து, காற்று குளிர்ந்து சுருங்கும்போதுதான் சட்டென்று ஏறும். ஆக்ஸிஜன் முழுக்கத் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்ஸிஜனுக்குப் பதில் கரியமில வாயுவும் நீராவியும் உள்ளே சேர்ந்திருக்கும்.

நம்பாதீர்கள், செய்து பாருங்கள். அதே டம்ளர், அதே நீர், மெழுகுவத்தி மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று. ஆக்ஸிஜனின் அளவு மாறவில்லை, நீரோ கூடுதலாக ஏறும். அடுத்து, சுடரே வேண்டாம். டம்ளரை வெதுவெதுப்பான நீரில் அலசி, பிறகு சுடுநீர் நிரப்பி, கொட்டிவிட்டு உடனே கவிழுங்கள். எதுவும் எரியாமலே நீர் ஏறும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். டம்ளர் தட்டோடு ஒட்டிக்கொண்டால் நீர் உள்ளே போகாது, விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயம் வையுங்கள். நாணயத்தை நன்றாக மூடும் அளவுக்கு நீர் இருக்கட்டும். குறைந்தால் வெளிக்காற்று நுழைந்து ஏற்றம் பாதியில் நின்றுவிடும்.

1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. 2002-ல் அரசு நிறுத்தும்வரை நடந்தது. பிள்ளைகள் செய்ய வேண்டிய சோதனைகளை அங்கே ஆசிரியர்கள் பயிற்சியிலேயே குழுவாக உட்கார்ந்து செய்தார்கள், கிடைத்த அளவை வைத்து வாதாடினார்கள். இங்கே சோதனை பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டில் படமாக முடிகிறது. கையால் செய்யாதவருக்கு, "குமிழி ஏன் டீச்சர் வந்துச்சு?" என்று பிள்ளை கேட்டால் அதட்டத்தான் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் இந்தச் சோதனையால் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம் என்று நிரூபிக்க முயலாதீர்கள். 250 மி.லி., 500 மி.லி., ஒரு லிட்டர் என்று மூன்று கண்ணாடி பாட்டில்கள் எடுங்கள். எதற்குள் சுடர் அதிக நேரம் நிற்கும் என்று பிள்ளைகள் முதலில் எழுதட்டும், பிறகு நொடிகளை எண்ணட்டும். மெழுகுவத்தி ஒரே உயரம் இருக்க வேண்டும். எரிந்த சூடான வாயு மேலே தேங்குவதால் உயரமானது முந்தி அணைந்து கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொரு பாட்டிலிலும் மூன்று முறை செய்யுங்கள். ஒருமுறை முடிந்ததும் பாட்டிலை ஆறவிட்டு, அட்டையால் விசிறிப் புதுக் காற்று நிரப்புங்கள்.

துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும், தீப்பெட்டி உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.