தினமும் நடந்தும் மாடிப்படியில் கால் தளர்கிறதா?

வணக்கம். வயது 58, தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறீர்கள், ஆனாலும் மாடி ஏறினால் தொடை நடுங்குகிறது, மதியமே சோர்வு, கூடுதலாக 10 நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்று எழுதியிருந்தீர்கள்.

நடை இதயத்துக்கு நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் வயதோடு கரையும் தசையை அது மட்டும் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனமும் வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த 10 நிமிடத்தை அதற்கே கொடுங்கள்.

நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழுவதைவிட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது: மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. 8 முறை, சற்று ஓய்வு, மறுபடி 8. சுலபமானதும் கையில் எடை பிடியுங்கள். அப்புறம் சுவரில் கை வைத்துத் தண்டால். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

சாப்பாட்டில், காலையில் வெறும் மாவுச்சத்தோடு முடித்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. முட்டை, தயிர், பருப்பு, மீன் என்று ஏதாவதொரு புரதம் மூன்று வேளையும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு மொத்தமாக, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது இந்த வயதுக்குப் பொதுவான கணக்கு. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். புரத மாவு டப்பாவெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

சரி, அந்த மதியச் சோர்வு? ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 எல்லாம் ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படி ஏறும்போது நெஞ்சு அடைத்தாலோ மூச்சு திணறினாலோ பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் போங்கள்.