பாட்டியின் நீலச் சட்டை

கேள்வி: சொந்த ஊர் மதுரை. கணவர் ஜெர்மானியர், 17 வருடமாக லைப்சிக்கில் இருக்கிறோம். 15 வயது மகளுக்கு உடன் படிக்கும் பையன் மேல் விருப்பம். என்னிடம் மூச்சு விடாதவள் பாட்டியிடம் சொல்லியிருக்கிறாள். மாமியார் 1961இல் பிறந்து கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். அலமாரியிலிருந்து பழைய நீலச் சட்டையை எடுத்துக் காட்டி, “இதைப் போட்டுக்கொண்டுதான் முதன்முதலாக ஒருவனோடு ஆடினேன். எங்கள் காலத்தில் காதலுக்குக் காசு குறுக்கே நிற்கவில்லை” என்கிறார். தன்னோடு ஆடிய அந்தப் பையன் போதகர் மகன் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுவார். கணவருக்கோ கோபம். மாமனாரைக் கல்லூரியில் சேர விடாத ஆட்சியை அம்மா பூச்சூட்டிக் காட்டுகிறார் என்கிறார். மகள் யாரை நம்புவது? இந்த வயதில் இதையெல்லாம் பேச விடலாமா? — வாசகி, லைப்சிக்

அன்புள்ள சகோதரிக்கு,

பேச விடுங்கள். மகள் உங்களைத் தாண்டிப் பாட்டியிடம் போனது உங்களுக்கு உறுத்துகிறது. ஆனாலும் அவள் வீட்டுக்குள்ளேயே ஒருவரைத் தேடிக்கொண்டாளே, அதற்கு நிம்மதிப்படுங்கள்.

மாமியார் பொய் சொல்லவில்லை. கம்யூனிஸ்டுகள் ஆண்ட அந்தக் கிழக்கு ஜெர்மனியில் 14 வயதில் ‘யுகெண்ட்வைஹே’ என்றொரு சடங்கு நடக்கும். நம்மூர் சடங்கு வீட்டோடு நிற்கும். அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக மேடையேறி சோஷலிசத்துக்கு உறுதிமொழி சொல்வார்கள். அதன்பிறகு ‘நீ’ என்று கூப்பிட்ட ஆசிரியரே ‘நீங்கள்’ என்பார். யோசித்துப் பாருங்கள், நேற்றுவரை அதட்டியவர் இன்று மரியாதை கொடுக்கிறார். அதே வயதில்தான் அரசு இளைஞர் அமைப்பின் நீலச் சட்டையும் உடம்பில் ஏறும், இடது கையில் உதயசூரியன் சின்னத்தோடு. நடன அரங்கில் போடும் பாட்டுக்கும் கணக்கு உண்டு: நூற்றுக்கு 60 சோஷலிச நாட்டுப் பாட்டு, 40 மட்டுமே மேற்கத்தியது. அந்த நாற்பதுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

காசு விஷயத்திலும் அவர் சொல்வது சரிதான். 1972 முதல் கருத்தடை மாத்திரை இலவசம். அதே வருடம், 12 வாரத்துக்குள் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. 26 வயதுக்குள் கல்யாணம் செய்தால் 5,000 மார்க் வட்டியில்லாக் கடன். பிள்ளை பிறக்கப் பிறக்கக் கடன் குறையும், மூன்றாவது பிறந்தால் முழுதும் தள்ளுபடி. வீடும் அரசு ஒதுக்கினால்தான் உண்டு, அதில் தம்பதிகளுக்கே முன்னுரிமை. அதனால் இருபது, இருபத்தொன்றிலேயே மணம் முடித்தவர்கள் ஏராளம்.

இப்படிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற எனக்கு, அங்கே இதே வேலையைச் செய்த யுட்டா ரெஷ்-ட்ராய்வெர்ட் மேல் பெரிய மதிப்பு உண்டு. அதே இளைஞர் அமைப்பின் நாளேடான ‘யுங்க வெல்ட்’டில், ‘நமக்குள் மட்டும்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். பெற்றோரிடம் கேட்கக் கூசியதைப் பிள்ளைகள் அவரிடம் கேட்டார்கள். வைது விரட்டாமல் விஷயத்தைச் சொன்னார். உங்கள் மாமியாரும் ஒருவேளை அதைப் படித்துத்தான் வளர்ந்திருப்பார். இன்று பேத்தியிடம் கூச்சமில்லாமல் பேச அவருக்கு வருகிறதென்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘போதகர் மகன்’ என்ற ஒரு வார்த்தை. திருச்சபைப் பிள்ளைகளில் பலர் அந்தச் சடங்கில் நிற்கவில்லை, நீலச் சட்டையும் போடவில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்காமல் போனவர்கள் அவர்களில் உண்டு. ஆட்சிக்கு விசுவாசமாக இருக்கிறானா என்பதையும் பார்த்துத்தான் இடம் கொடுத்தார்கள். நீலச் சட்டைப் பெண்ணும் சட்டை போடாத பையனும் ஆடிய அந்த ஆட்டம் எப்படி முடிந்தது, யார் யாரைக் கூப்பிட்டுப் பேசினார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் வரவேண்டும். நான் ஊகித்துச் சொல்வது முறையல்ல.

உங்கள் கணவரின் கோபமும் நியாயமானதே. 1989இல் உளவுத்துறையில் மட்டும் சுமார் 91,000 பேர் முழுநேர வேலையில் இருந்தார்கள். அடங்காத பிள்ளைகள் என்று முத்திரை குத்தி, டோர்காவ் என்ற ஊரில் கம்பி போட்ட விடுதியில் 1964 முதல் 1989 வரை 4,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை அடைத்தார்கள். உங்கள் ஊரிலிருந்து அது தூரமில்லை, இப்போது நினைவிடம். ஆனால் சாப்பாட்டு மேசையில் அம்மாவின் பேச்சை வெட்டுவதற்கு இதை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். தன் அப்பாவின் கதையை அவரே வேறொரு நாள் மகளை உட்கார வைத்துச் சொல்லட்டும். அவளுக்கு இரண்டும் வேண்டும். அவள் வயதுப் பெண் இரண்டையும் தாங்குவாள்.

மகளின் விஷயத்தில், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க நீங்களே கூட்டிப்போங்கள். பாட்டி ஜெர்மனில் சொன்னதை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், தயங்கித் தயங்கியாவது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் மறுபடி அந்தச் சட்டையை எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ‘அந்தக் காலம் நல்லதா, கெட்டதா’ என்று கேட்க வேண்டாம். “அந்தப் பையனுக்கு மேலே படிக்க இடம் கிடைத்ததா, பாட்டி?” என்று மகள் கேட்கட்டும். அவர் சட்டையை மடித்து உள்ளே வைத்துவிட்டால், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.