உஜிட்சேக்குப் போகிறவர்களுக்கு: கேட்டதும் சொன்னதும்

மேற்கு செர்பியாவின் மலைகளுக்கு நடுவே, ஜெத்தின்யா என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிறது உஜிட்சே. மூன்று தடவை போய் வந்திருக்கிறேன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கே: ஸ்லாட்டிபோர் மலைக்குப் போகும் வழியில் அரை நாள் இறங்கிப் பார்த்தால் போதுமா சார்?

போதாது. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பஸ் ஸ்டாண்டையும் எழுபதுகளின் கான்கிரீட் கட்டடங்களையும் பார்த்துவிட்டு, ஊர் அழகாக இல்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு ராத்திரி தங்குங்கள். காலையில் ஆற்றோரமாக மேற்கே நடங்கள். பழைய குறுகிய ரயில்பாதையில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு, நடுநடுவே சுரங்கங்கள். உள்ளே இருட்டாக இருக்கும், கையில் டார்ச் இருக்கட்டும்.

கே: விசா வேண்டாம் என்கிறார்களே, நிஜமா?

பழைய கதை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த அந்தச் சலுகை 2023 ஜனவரி 1 முதல் கிடையாது. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க அல்லது பிரிட்டன் விசா கையில் இருந்தால் தனி விசா இல்லாமல் போகலாம். டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: தங்குமிடத்தைப் போலீசில் பதிவு செய்தாக வேண்டும். ஹோட்டல்காரர்களே செய்துவிடுவார்கள். யார் வீட்டிலாவது தங்கினால் அவர்களிடம் நினைவுபடுத்துங்கள்.

கே: பெல்கிரேடிலிருந்து ரயிலா, பஸ்ஸா?

அவசரம் என்றால் பஸ். ரயில் போவது 1976-இல் திறந்த, மாண்டினீக்ரோவின் பார் துறைமுகம் வரை போகும் பெல்கிரேட்–பார் பாதையில். மெதுவாகத்தான் போகும், ஜன்னலோர ஆட்களுக்கு அது போதும். தண்டவாள வேலை என்று அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: அண்ணா, நாங்கள் சைவம். பட்டினிதானா?

அதெல்லாம் இல்லைம்மா. ஆனால் இந்த ஊரின் பெருமையே ஒரு காலை உணவுதான், அதில்தான் சிக்கல். பெயர் கொம்ப்ளெட் லெப்பின்யா. உள்ளங்கையைவிடப் பெரிய வட்ட ரொட்டி. மேல் பகுதியை மூடி போல வெட்டி எடுத்து, உள்ளே கய்மாக்கும் முட்டையும் கலந்து ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். கய்மாக் நம் பாலாடைக்கு அண்ணன் மாதிரி, லேசாகப் புளிக்கும். வெளியே எடுத்ததும் இறைச்சி சுட்ட தட்டில் இறங்கிய கொழுப்புச் சாற்றை மேலே ஊற்றுவார்கள். மூடியைப் பிய்த்து அதில் தோய்த்து, கையாலேயே சாப்பிட வேண்டும். கூடவே ஒரு கிளாஸ் தயிர். அதற்கப்புறம் மதியச் சாப்பாடு இறங்காது.

அந்தச் சாற்றின் பெயர் ப்ரெத்தோப். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் "பெஸ் ப்ரெத்தோப்பா" என்று சொல்லுங்கள், அது இல்லாமல் தருவார்கள். முட்டையும் வேண்டாம் என்றால் அடுப்பில் வைத்த பீன்ஸ் ப்ரெப்ரானாத்ஸ், சுட்ட சிவப்புக் குடைமிளகாய் விழுது அய்வார், தக்காளி வெள்ளரி மேல் சீஸ் துருவிப் போட்ட ஷோப்ஸ்கா சாலட் எல்லாம் உண்டு. பீன்ஸில் புகையூட்டிய இறைச்சி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "போஸ்னோ" என்றால் விரதச் சாப்பாடு: இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனால் மீன் இருக்கலாம்! முதல் தடவை நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கே: டெஸ்லாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

ஊரின் பழைய கோட்டைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி, ஒரு குட்டிக் கல் கட்டடம் இருக்கிறது. 1900-இல் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையம். விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவின் மாறுதிசை மின்சார முறையில், நயாகரா அருவி மின் நிலையத்துக்கு ஐந்தே வருடம் கழித்து, இங்குள்ள நெசவாலைக்காகக் கட்டியது. பக்கத்தில் போய் நின்றால் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கு அதுதான் பிடித்தது.

கே: டிட்டோவின் பெயர் இந்த ஊருக்கு இருந்ததாமே?

ஆமாம், யுகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவின் பெயரால் 1992 வரை டிட்டோவோ உஜிட்சே. 1941 இலையுதிர் காலத்தில் அவர் தலைமையிலான கெரில்லாப் படையான பார்ட்டிசான்கள் ஜெர்மானியரிடமிருந்து இந்தப் பகுதியைப் பிடித்து 67 நாள் தனிக் குடியரசாக நடத்தினார்கள். பாறைக்குள் ஆயுதத் தொழிற்சாலைகூட வைத்திருந்தார்கள். நவம்பர் 29-இல் கதிஞ்சாச்சா மேட்டில் கடைசிச் சண்டை. ஊரிலிருந்து பக்கம்தான். அங்கே நிற்கும் வெள்ளைக் கல் நினைவுச்சின்னத்தை மாலை வெயிலில் பாருங்கள்.

கே: குழந்தைகளுக்கு?

மோக்ரா கோரா என்ற மலைக் கிராமத்தில் ஷார்கன் எட்டு ரயில். மலை ஏற எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றிப் போகும், 22 சுரங்கம். கோடை என்றால் ஊருக்குள்ளேயே ஆற்றைத் தேக்கிய கடற்கரை மாதிரி ஒரு இடம் உண்டு. தண்ணீர் ஜில்லென்று இருக்கும், குழந்தைகள் கவலைப்படுவதில்லை.

கே: ஆற்று நடுவே பாறை மேல் மர வீடு, அந்தப் போட்டோ இங்கேதானே?

இல்லைங்க. அது பாயினா பாஷ்டா என்ற ஊர், ட்ரினா ஆறு. மலையைத் தாண்டி அந்தப் பக்கம். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், போகிற வழியில்தான் கதிஞ்சாச்சா. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.