ஸ்லோவேனியா சின்ன நாடுதான், ஆனாலும் ஒன்பது ஊர் வேண்டாம்

கேள்வி: மியூனிக்கில் வசிக்கிறோம். நான், கணவர், 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகள். திருச்சியிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். ஆகஸ்டில் ஒன்பது நாள் மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, கழிவறையோடு கூடிய வண்டி) வாடகைக்கு எடுத்து ஸ்லோவேனியா போகலாம் என்று எண்ணம். சின்ன நாடுதானே என்று பிளெட், போஹின், வர்ஷிச் கணவாய், போவெட்ஸ், கோபாரிட், போஸ்டோய்னா குகை, ஷ்கோட்ஸியான் குகை, பிரான் கடற்கரை, லூப்லியானா என்று கணவர் பட்டியல் போட்டுவிட்டார். மாமியாருக்கு மூட்டுவலி, சுத்த சைவம். எங்கள் இருவருக்கும் இந்த வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. சரிப்பட்டு வருமா?
– வாசகி, மியூனிக்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகச் சரிப்பட்டு வரும். ஆனால் அந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட பாதியை இன்றே அடித்துவிடுங்கள். நாட்டின் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டர்தான், வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். நடுவில் நிற்பது ஆல்ப்ஸ் மலை. அதைவிட முக்கியம், மோட்டார்ஹோமில் ஓர் இடத்தைவிட்டுக் கிளம்புவது லேசான வேலை இல்லை. கரண்ட் கேபிளைச் சுற்றி வைக்க வேண்டும், கழிவுநீரைத் திறந்துவிட வேண்டும், கழிவறைப் பெட்டியை உருவி அதற்கான இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும், காஸை மூட வேண்டும், கூரை ஜன்னலைச் சாத்த வேண்டும், டம்ளர் முதல் குக்கர் வரை அலமாரியில் அடைத்துத் தாழ் போட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியைச் சமதளமாக நிறுத்தி இத்தனையையும் திரும்பப் பிரிக்க வேண்டும். தினம் ஓர் ஊர் என்றால் உங்கள் விடுமுறை இதிலேயே போய்விடும், அந்த வேலையும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் மூன்றே இடம் போதும் என்பேன்: போவெட்ஸ், கோபாரிட் இருக்கும் சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று இரவு, போஸ்டோய்னாவில் ஓர் இரவு, போஹினில் நான்கு இரவு.

வர்ஷிச் கணவாய் உங்கள் கணவருக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்க் கைதிகளைக் கொண்டு போட்ட சாலை அது. 1916இல் பனிச்சரிவில் செத்துப்போன கைதிகளின் நினைவாக அங்கே ஒரு சின்ன மரக் கோயில் இருக்கிறது. ஆனால் க்ரான்ஸ்கா கோரா ஊர்ப் பக்கத்து வளைவுகளில் கருங்கல் பாவியிருக்கிறார்கள், மழை பெய்தால் வழுக்கும். ஏழு மீட்டர் வண்டியை முதல்முறை ஓட்டுகிறவர் அங்கே போக வேண்டாம். அதற்குப் பதில் ஆஸ்திரியாவில் ஃபிலாக் தாண்டி இத்தாலியின் தார்விசியோ வழியாகப் பிரெடெல் கணவாயில் ஏறுங்கள். 1,156 மீட்டர்தான். இறங்கினால் நேராகப் போவெட்ஸ். ஃபிலாக் அருகே நேவிகேஷன் குறுக்குவழி என்று வுர்ட்ஸன் கணவாயைக் காட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். அங்கே 18 சதவீதச் சரிவு உண்டு.

சோச்சா ஆற்றைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிக்கத்தான் பார்ப்பார்கள். மரகதப் பச்சை, அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். ஆனால் உச்சிக் கோடையிலும் கால் வைத்தால் சுள்ளென்று குளிரும், இழுப்பும் அதிகம். ஓரத்தில் விளையாடட்டும், நீந்த விடாதீர்கள். ஆற்றில் இறங்க ஆசைப்பட்டால் போவெட்ஸில் குழந்தைகளுக்கு ஏற்ற படகுச் சவாரி இருக்கிறது, வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1915 முதல் 1917 வரை இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 12 முறை மோதிக்கொண்டது இந்த ஆற்றங்கரையில்தான். கோபாரிட்டில் அதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. பெரியவனோ பெரியவளோ, அந்த 11 வயதுப் பிள்ளையை அவசியம் கூட்டிப்போங்கள்.

அங்கிருந்து டோல்மின், இத்ரியா வழியாகப் போஸ்டோய்னா. இரண்டு குகையும் பார்க்க வேண்டியதில்லை. அழகில் என் ஓட்டு ஷ்கோட்ஸியானுக்குத்தான், ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான படிகள். மாமியாரின் முழங்காலுக்கு ஆகாது. போஸ்டோய்னாவில் குட்டி ரயிலில் உட்கார வைத்தே உள்ளே வெகுதூரம் கொண்டுபோகிறார்கள். 1872இலிருந்து அந்தக் குகைக்குள் தண்டவாளம் இருக்கிறது. நடுவில் கொஞ்சம் நடக்க வேண்டும், பாதை நன்றாக இருக்கும். உள்ளே 10 டிகிரிதான் என்பதால் எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.

மீதி நாளெல்லாம் போஹின் ஏரிக்கரை. பிளெட்டைவிட எனக்கு இது ஒரு படி மேல். பிளெட் அழகுதான், ஆனால் கூட்டம் அள்ளும், நடுத்தீவுக் கோயிலுக்கோ 99 படி ஏற வேண்டும். போஹினில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நாள் பேருந்தில் பிளெட் போய், ஏரியைச் சுற்றி நடந்து, அதற்குப் பேர்போன கிரீம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கேக்கில் முட்டை உண்டு, மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் வோகல் கேபிள் காரில் 1,535 மீட்டர் வரை ஏறினால் நாட்டின் மிக உயரமான சிகரமான ட்ரிக்லாவ் எதிரே தெரியும், ஒருவரும் மலையேற வேண்டியதில்லை. பிரானையும் லூப்லியானாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். கார் பார்க்கிங்கில் ராத்திரி படுத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த வண்டிகளுக்கென்று இருக்கும் முகாம்களுக்கு வெளியே தங்குவதற்கு அங்கே தடை, அபராதம் போடுவார்கள்.

இனி வண்டி. எத்தனை பேர் படுக்கலாம் என்பதோடு பெல்ட் போட்ட இருக்கை எத்தனை என்றும் கேளுங்கள், ஐந்து கட்டாயம் வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும், அது பிள்ளைகளுக்கு. மாமியாருக்குக் கீழ்ப்படுக்கை, அதுவும் கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தால் ராத்திரியில் உங்கள் தூக்கமும் கெடாது. வண்டியின் எடைதான் பலரும் யோசிக்காத விஷயம். உங்கள் உரிமம் பி வகை என்றால் மொத்தம் 3.5 டன்னுக்கு மேல் போகக்கூடாது. ஐந்து பேர், நூறு லிட்டர் தண்ணீர், சைக்கிள்கள், அரிசி மூட்டை என்று ஏற்றினால் எளிதில் தாண்டிவிடும். தண்ணீர்த் தொட்டியைக் குறைவாக வைத்துக்கொண்டு கிளம்பி, முகாமில் போய் நிரப்புங்கள்.

சமையலை நீங்களே செய்வதுதான் மாமியாருக்கு நிம்மதி. மூன்று லிட்டர் குக்கர் போதும், அடுப்பு சின்னது. முகாமில் தருவது 10 ஆம்பியர் என்றால் 2,300 வாட்தான். மின்கெட்டிலும் இன்டக்ஷனும் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். இட்லி மாவை வீட்டிலேயே புளிக்கவைத்து, பாத்திரத்தில் முக்கால் அளவுக்குமேல் ஊற்றாமல் எடுத்துப்போங்கள். மலைமேல் இரவுக் குளிரில் மாவு பொங்காது, வளைவுகளிலோ ததும்பும். சாதம் வடித்த கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விடவே விடாதீர்கள், கழிவுநீர் டேங்க் இரண்டே நாளில் நாறும். உணவகத்தில் ‘ப்ரேஸ் மேசா’ என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் என்று புரிந்துகொள்வார்கள். தயிர்ப்பாலாடை வைத்துச் சுருட்டி வேகவைக்கும் ஷ்ட்ரூக்லி மாமியாருக்குப் பிடிக்கலாம், மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ஆகஸ்டை விட்டுவிட்டுச் செப்டம்பர் முதல் வாரத்துக்கு மாற்றுங்கள். ஸ்லோவேனியாவில் செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்துவிடும், பவேரியாவில் உங்கள் பிள்ளைகளுக்கு அப்போதும் விடுமுறைதான். முகாமில் இடம் கிடைக்கும், வாடகையும் இறங்கும். ஆகஸ்ட்தான் என்றால் இன்றே பதிவு செய்யுங்கள். திரும்பும்போது ஆஸ்திரிய எல்லையிலுள்ள கரவாங்கன் சுரங்கப்பாதை வழி நேர்வழி. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். நெடுஞ்சாலைக்கான மின்-விக்னெட் (இணையத்தில் வாங்கும் சாலைக் கட்டண அனுமதி) வண்டி எண்ணோடு சேர்த்துப் பதிவாவது, எனவே வாடகை நிறுவனத்திடம் எண்ணை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆஸ்திரியாவுக்கும் தனியாக வேண்டும். வழியில் வரும் டௌவர்ன், கரவாங்கன் சுரங்கங்களுக்கு அதற்கு மேலும் கட்டணம் உண்டு.

மாமியாரின் ஷெங்கன் விசா ஸ்லோவேனியாவுக்கும் செல்லும். அவருடைய பாஸ்போர்ட், மருத்துவக் காப்பீட்டுத் தாள், உங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை அனைத்தும் ஒரே பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முகாம் வரவேற்பறையிலும் கேட்பார்கள், ஜெர்மனிக்குத் திரும்பும்போது ஆஸ்திரிய எல்லையிலும் போலீஸ் நிறுத்திக் கேட்கலாம்.